பங்காளிச் செடிகளுக்குப் பெண் கேட்டவர்

எங்கள் அத்தான் சிவனாண்டி தெருவில் நடந்து போனால், "தரகரே, சவுக்கியமா?" என்றுதான் கேட்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது ரேஷன் கடையில் மட்டும்தான். கல்யாணத் தரகர். சங்கரன்கோவிலில் இருந்து அந்தப் பக்கம் திருவேங்கடம், இந்தப் பக்கம் புளியங்குடி வரைக்கும் அவர் சேர்த்து வைத்த ஜோடிகள் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். சில ஜோடிகள் சண்டையோடும் இருக்கிறார்கள். அதற்குத் தான் பொறுப்பில்லை என்பார்.

நான் வேல்சாமி, அவருடைய மச்சினன். அவர் கட்டியிருக்கிற மாரிசெல்வி என் அக்கா. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். விடியக்காலையில் தோட்டங்களில் பூ ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. அக்கா புருஷனைக் கேலி பண்ணுவது மச்சினனுக்குப் பிறக்கும்போதே கிடைத்த உரிமை. அதை நான் ஒருநாளும் வீணாக்கியது கிடையாது.

தொழிலில் அத்தானை அசைக்க முடியாது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஜாதகப் பை, டி.வி.எஸ். வண்டி. பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. குட்டை என்பார், கூன் என்பார், தகப்பன் கை இறுக்கம் என்பார். மாப்பிள்ளை வீட்டுக்காரன் கூட அவ்வளவு நொட்டை சொல்ல மாட்டான். ஆனால் தாலி ஏறிய நிமிஷமே அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பந்தியில் கடைசி இலை அவருக்கு. பிள்ளை பிறந்தால் சொல்லி அனுப்ப மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மட்டும் முதல் போன் இவருக்கு வரும்.

இதில் அவருக்கு உள்ளூர வருத்தம். ஊரெல்லாம் விளைகிறது, தன் கையில் ஒன்றும் விளையவில்லையே என்கிற வருத்தம். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கேலி பண்ணுவேன்.

குருவிகுளம் போகிற ரோட்டில் எங்கள் அப்பா அக்காவுக்குக் கொடுத்த கிணற்றுத் தோட்டம் இருக்கிறது. மல்லியும் பிச்சியும் போட்டிருக்கிறாள். அவள் தோட்டத்து மொட்டைப் பார்த்தால் மார்க்கெட்டில் மூட்டையைப் பிரிக்காமலே எடுத்துக்கொள்வார்கள். அத்தான் அந்தத் தோட்டத்தில் செய்த ஒரே வேலை, வரப்பில் நின்று போன் பேசுவது.

அப்படி இருந்தவருக்குப் போன ஆடியில் ஆசை வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, தரகருக்கு வேலை கிடையாது. அந்த நேரம் பார்த்து தாவீது அண்ணாச்சி மகன் பிரவின்ராஜ் ஊருக்கு வந்தான். பெங்களூரில் மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு போடுகிற ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அவனுக்குப் புளியங்குடி ஜெஸ்லினை முடித்துக் கொடுத்தது அத்தான்தான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டில் போய் ஜாதகம் கேட்டு அசடு வழிந்த கதை அது, இப்போது வேண்டாம். பிரவின்ராஜ் நன்றி உள்ள பையன். ஒரு சின்னப் பொட்டலம் விதை கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணாச்சி, இது பேரு டொமட்டியோ. நம்ம சொடக்குத் தக்காளிக்குப் பெரியப்பா மகன்னு வச்சிக்கிடுங்க. அதே மாதிரி கூட்டுக்குள்ளதான் காய்க்கும், ஆனா காய் எலுமிச்சங்கா தண்டிக்கு இருக்கும். பச்சையாவே புளிப்பு. எங்க ஹோட்டல்ல இதை அரைச்சு ஊத்தாம ஒண்ணும் நடக்காது. டப்பாவுல அடைச்சு வாரதை வாங்குதோம். நீங்க வெளைய வச்சுக் குடுத்தா நான் எடுத்துக்கிடுதேன்."

சொடக்குத் தக்காளி எங்கள் பக்கம் ஓடைக் கரையெல்லாம் தானாக முளைக்கிற களை. சின்ன வயதில் அந்தக் கூட்டைப் பறித்து நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்போம். அதைக் காசு கொடுத்து வாங்க ஒரு ஊர் இருக்கிறது என்றதும் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயந்திரமே அக்காவிடம் நிலம் கேட்டார்.

"ஏங்க, மம்பட்டிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அக்கா.

"ஏட்டி, இத்தனை குடும்பத்த வெளங்க வச்சவன், நாலு செடிய வெளங்க வைக்க மாட்டனா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கிணத்தடிப் பாத்தியில பழைய பிச்சி காய்ஞ்சு கெடக்கு. அதத் தோண்டிட்டுப் புது மல்லி வைக்கலாம்னு இருந்தேன். சரி, எடுத்துக்கிடுங்க. தைப்பொங்கலுக்குள்ள ஒரு பெட்டி காய் வந்துட்டா அந்தப் பாத்தி உங்களுக்கு. தோட்டக்காரர்னு நானே கூப்பிடுதேன். வரலன்னா மல்லிய நட்டுருவேன். அப்புறம் நீங்க வெறும் தரகர்தான். வரப்புல கால் வைக்கப்படாது."

அத்தான் என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பாத்தியில் மல்லி வந்தால் எனக்கு ஒரு மூட்டை லோடு கூடும். நான் அக்கா கட்சி.

விதை கொஞ்சம் பழசு போல. போட்டதில் ஏழெட்டுதான் முளைத்தன. நாற்று வளர்ந்ததும் அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெண் பார்க்கிற கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது கோணல், இது சோகை, இது குட்டை. கடைசியில் நெடுநெடு என்று நின்ற ஒன்றைத் தொட்டு, "இவன்தாம்லே மாப்பிள்ளை. மத்ததெல்லாம் எடுபிடி" என்றார். எடுபிடிகள் எல்லாம் பிடுங்கப்பட்டு எருக்குழிக்குப் போயின. மாப்பிள்ளையை நன்றாக வளர்த்து, கிளை ஒடித்து ஒடித்து நட்டார். ஒவ்வொரு குச்சியும் வேர் பிடித்தது. பாத்தி நிறைந்துவிட்டது.

இதில் அக்காவும் தப்புச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பூ விளைகிற ஊரில் இதுதான் வழக்கம். நன்றாகப் பூக்கிற ஒரு மல்லியில் குச்சி ஒடித்துத் தோட்டம் முழுக்க நடுவோம். விதை போட்டு யார் மல்லி வளர்த்தார்கள்? நல்ல செடி ஒன்று கையில் இருக்கும்போது குட்டையும் கோணலும் எதற்கு என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அக்கா மட்டும் எருக்குழியில் கோழி கொத்திக்கொண்டிருந்த ஒரு நாற்றை எடுத்தாள். இருந்ததிலேயே குட்டை அதுதான். குளியலறைக்குப் பின்னால் ஒரு பழைய பெயிண்ட் டிரம்மில் மண் போட்டு நட்டு வைத்தாள். அந்தப் பக்கம் அத்தான் எட்டிப் பார்க்க மாட்டார், அங்கேதான் பாத்திரம் கழுவுகிற இடம். "அவுகளுக்கு முந்தி இதுல ஒரு காய் பறிச்சு, சோத்துத் தட்டுல வைக்கணும்லே. மூஞ்சியப் பாக்கணும் எனக்கு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பாத்தியில் அத்தான் குறை வைக்கவில்லை. ஆட்டுப் புழுக்கை கொட்டினார். போதாதென்று யூரியா போட்டார். செடி இலையும் தழையுமாகப் பொங்கி, வரப்பு தாண்டிப் படுத்தது. போகிற வருகிறவர்கள், "என்ன தரகரே, களைக்குத் தனியா உரம் வைக்கீரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். புரட்டாசியில் பூ வந்தது. மஞ்சள் பூ, நடுவில் மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. பாத்தி முழுக்கப் பூ. பூ மார்க்கெட் ஊர்க்காரருக்குப் பூவைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? ஜெயித்துவிட்டேன் என்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார்.

பூ பூத்தது, உதிர்ந்தது. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. காயைக் காணவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கூடுகள் மட்டும் உப்பின. அத்தான் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நான் ஒன்றைப் பறித்து, பழைய ஞாபகத்தில் அவர் நெற்றியிலேயே அடித்தேன். 'டப்'. உள்ளே வெறும் காற்று.

"கண்ணு பட்டுட்டுலே மாப்ள" என்றார். ஒரு பூசணிக்காயில் மீசை வரைந்து கட்டித் தொங்கவிட்டார். அதற்கும் மசியவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. அக்கா கிணற்றடியில் நின்று, மல்லிக் குச்சிக்கு எங்கெங்கே குழி எடுக்க வேண்டும் என்று கையை நீட்டி நீட்டி அளந்தாள், அவர் கண்ணில் படும்படியாகத்தான்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பிரவின்ராஜுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம், ஊரே கேட்க வேண்டும். அக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்து மொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள், நான் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சமையக்காரன், எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? இங்க இதைப் போட்டிருக்க ஒரு தோட்டத்துல கேட்டுட்டுத்தான் பேசுதேன். நீங்க எத்தனை விதைச் செடி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான் தம்பி. ஆனா என்னா செடிங்கிற! அதுல ஒடிச்சுதான் பாத்தி முழுக்க நட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் பிரவின்ராஜ் தலையில் கைவைத்தது இங்கே கேட்டது. "போச்சு. குச்சி ஒடிச்சு வச்சா அம்புட்டும் அதே செடிதானே அண்ணாச்சி! இந்தச் செடிக்குத் தன் பூவோட பொடி தனக்கு ஒட்டாது. வேற விதையில முளைச்ச இன்னொரு செடி பக்கத்துல இருக்கணும். இங்கன இருந்து தேனீ பொடி எடுத்துட்டுப் போய் அங்கன சேர்க்கணும். அப்பத்தான் காய் பிடிக்கும். யூரியாவையும் நிறுத்துங்க. அது இலைக்குத்தான். படுத்த செடியக் கம்பு நட்டுத் தூக்கிக் கட்டுங்க."

அக்கா மொட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "பாத்தி பூராவும் பங்காளிகளா நட்டு வச்சுக்கிட்டு, எப்படா பிள்ளை பிறக்கும்னு உக்காந்திருக்கீங்களா? நீங்களா தரகரு?"

எங்கள் வழக்கத்தில் அத்தை மகளைக் கட்டலாம், மாமன் மகளைக் கட்டலாம். பங்காளி வீட்டில் மட்டும் பெண் எடுக்க முடியாது, அது அண்ணன் தங்கை முறை. இதை மறந்து ஒரு தரகர் பேச்சு எடுத்தால் ஊரை விட்டே ஓட வேண்டியதுதான். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. புதிதாக விதை போட்டால் பொங்கலுக்குள் காய் வராது. எடுபிடிகளோ எருக்குழியில் மக்கிப்போயின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று டிரம்மில் நிற்கிறது. அதுவும் தனிக்கட்டையாகப் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே வெயில் பற்றவில்லை என்று அக்கா நினைத்திருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், சொல்லாதே என்று.

அவள் மொட்டுத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும், பொங்கலுக்கு மல்லிப் பாத்தி அவளுக்கு. அடுத்த சில நாள் நான் போகும்போதெல்லாம் அத்தான் கம்பு நட்டுச் செடிகளைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொப்புளம். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, ஒரு பெயிண்ட் பிரஷ் வைத்துக்கொண்டு பூப்பூவாகத் தடவினார். தடவி என்ன பயன், எல்லாம் பங்காளி. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தடவினார். பெண் பார்க்க வரச்சொல்லி வந்த போனைக்கூட எடுக்கவில்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, "பாவமா இருக்குலே" என்றாள்.

"அக்கா, மல்லி போயிரும்" என்றேன்.

"போட்டும். தோத்துட்டு வீட்டுல உக்காந்தா நாள் பூராவும் என் சமையலுக்குல்லா நொட்டை சொல்லுவாவ. அதுக்கு இது தேவல." கொஞ்சம் கழித்து, "ஆனா சும்மா குடுக்க மாட்டேன். பொண்ணு கேட்டு வரட்டும்" என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் அத்தானைக் குளியலறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் டிரம்மைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தூக்கக் கையை நீட்டினார். அக்கா குறுக்கே நின்றுகொண்டாள்.

"என்ன, வீடு புகுந்து பொண்ணத் தூக்கிட்டுப் போறீங்க? முறை தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க!"

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அத்தான் முன்வாசல் வழியாக வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ. பூ அக்கா தோட்டத்துப் பூதான். நான் பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் எனக்கு நாற்காலி போட்டார்கள். அத்தான் தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மீரா பீவி அக்கா சத்தம் கேட்டு வந்து, விஷயம் தெரிந்ததும் போகாமல் நின்றுவிட்டார்.

"எங்க பையன் நல்ல உசரம்" என்று ஆரம்பித்தார் அத்தான். பழக்க தோஷம்.

"பையனைப் பத்தி அப்புறம். எங்க பொண்ண முதல்ல வேண்டாம்னு குப்பையில வீசுனது யாரு?" என்று நான் கேட்டேன்.

"நான்தான்."

"எதுக்கு?"

"குட்டைன்னுட்டு."

"இப்ப?"

அத்தான் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "குட்டைதான் காத்து மழைக்குச் சாயாம நிக்கும். இந்த டிரம்முல ஒரு கம்பு இல்ல, கட்டு இல்ல. நெட்டைய நான் தூக்கிக் கட்டியே கை பொத்துப்போச்சு."

மீரா பீவி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் அக்கா சிரிக்கவில்லை, பெண் வீட்டார் கறாராக இருக்க வேண்டிய நேரம்.

"பரிசம் என்ன போடுவீங்க?"

"கேளு."

"அந்தப் பாத்தி. காய் இந்தப் பொங்கலுக்கு உங்க கணக்கு. பந்தயத்துல நீங்க ஜெயிச்சாலும் சரி, பொங்கல் கழிஞ்சா பாத்தி என்னுது."

நானே அசந்துபோனேன். பந்தயம் தோற்றால் பாத்தி அவளுக்கு. ஜெயித்தாலும் அவளுக்கு. "அக்கா, இது அநியாயம்" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அத்தான் என்னைக் கையமர்த்தினார்.

"இருக்கட்டும் மாப்ள. காய்ச்சாப் போதும்" என்றார். தட்டு மாறியது.

பெண்ணை என் லோடு ஆட்டோவில்தான் ஏற்றினோம். டிரம்மைச் சுற்றி மல்லிச் சரம் கட்டிவிட்டது அக்கா. வழியில் பார்த்தவர்கள் என்ன கோயில் கொடையா என்று கேட்டார்கள். பாத்தியின் நடுவில் இறக்கி வைத்தோம். அந்தக் குட்டைச் செடியின் பக்கக் கிளைகளையும் ஒடித்து இடையிடையே நட்டார் அத்தான், பின்னால் பூக்கட்டும் என்று. யூரியாப் பையை எனக்கே கொடுத்துவிட்டார். மழைக்கு மண் தெறித்துக் காய் கெடாமல் இருக்க வைக்கோல் பரப்பினார்.

அக்காவுக்கும் ஒரு வேலை வந்தது. மல்லியில் மொட்டுப்புழுவுக்குக் காலையில் மருந்து அடிப்பாள். அந்த நேரத்தில்தான் தேனீ வரும். "சாயந்திரம், தேனீ கூட்டுக்குப் போன பிறகு அடிச்சா என்னட்டி" என்று அத்தான் கெஞ்சினார். அவளும் மாற்றிக்கொண்டாள். தேனீக்கள் டிரம்முக்கும் பாத்திக்கும் போய்வந்தன. "பாத்தீங்களா அத்தான், உங்க தொழிலை அதுங்க பாக்குது. பேச்சே இல்ல, நொட்டையும் சொல்லல" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை பூ வாடிய இடத்தில் கூடு வந்தது. அமுக்கினால் உள்ளே கெட்டியாக இருந்தது. அத்தான் தினமும் அமுக்கிப் பார்த்து, கூடு நிறைந்து வெடிக்கிற பருவத்துக்குக் காத்திருந்தார். அதற்கு முன்னால் பறித்தால் காய் சிறுத்துவிடும், மஞ்சளாக விட்டால் புளிப்புப் போய்விடும். மார்கழியில் தரகருக்கு வேலை கிடையாது என்பதும் வசதியாகப் போயிற்று. பொங்கலுக்கு முந்தி அக்கா கேட்டது ஒரு பெட்டி, மூன்று பெட்டி வந்தது. கூட்டை உரித்தால் பிசுபிசு என்று, பளபளவென்று பச்சைக் காய். பிரவின்ராஜுக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்பினோம். அக்கா ஒன்றைப் பச்சைமிளகாய் வைத்து அரைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். அத்தான் நொட்டை சொல்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பொங்கல் கழிந்தது. சொன்ன வாக்குப்படி பாத்தி அக்காவுக்கு வந்தது. மல்லிக் குச்சி எங்கே நடப்போகிறாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவளோ பழுத்து உதிர்ந்த காய்களில் விதை எடுத்து நாற்றுப் போட்டாள். முளைத்தது எதையும் பிடுங்க விடவில்லை, கோணலையும் சேர்த்துத்தான் நட்டாள். என் லோடு போனதுதான் மிச்சம். அத்தான் ஜாதகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். விடிந்தால் தோட்டத்தில் நின்றார். கேட்டால், வாய்க்கால் உடைகிறது, பார்க்க ஆள் இல்லை என்றார்.

போன வாரம் பிரவின்ராஜ் போன் போட்டான். நாங்கள் மூன்று பேரும் தோட்டத்தில் இருந்தோம். அத்தான்தான் எடுத்தார், ஸ்பீக்கரில்.

"அண்ணாச்சி, காய் பிரமாதம். எங்க ஆளுங்க இனி வாரா வாரம் கேக்காங்க. ஆமா, பாத்தி இப்ப அக்கா பேருலன்னு சொன்னீங்கள்லா? அப்ப நான் அவங்ககிட்டயே பேசிக்கிடுதேன். போனைக் குடுங்க."

எத்தனையோ கல்யாணத்தில் பார்த்த முகம்தான் அது. இரண்டு வீடும் பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் தரகருக்கு வருகிற முகம். அத்தான் போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு மடைப் பக்கம் நடந்தார்.  கேலியை விட்டுவிட்டு நான் சாக்கை உதறி மடித்தேன்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் அக்கா. "வாரா வாரமா? நெலம் என்னுதுதான். ஆனா எப்ப பறிக்கலாம், எம்புட்டு வரும்னு எனக்கென்ன தெரியும்? தோட்டக்காரர்கிட்டக் கேட்டுத்தான் சொல்லணும். இருங்க." போனைக் கையில் பிடித்துக்கொண்டே மடையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏங்க, தோட்டக்காரரே! உங்களத்தான்!"

பக்கத்துத் தோட்டத்தில் மொட்டெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அத்தான் திரும்பவில்லை. குனிந்தபடியே மண்ணை அள்ளி மடையில் போட்டார்.

"காது கேக்கலட்டி. இன்னொருக்கா கூப்பிடு" என்றார்.